எம்.எட். எதற்குப் படிக்கிறீர்கள்?

2020 மார்ச் 10ஆம் தேதி தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, எண் 37. வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்புப் படிக்கும் அரசு ஊழியர்களுக்குக் கொடுத்துவந்த முன் ஊதிய உயர்வு இனிக் கிடையாது என்பதுதான் அதன் சாரம். இரண்டே வாரத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. பொதுமக்கள் யாரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியர்கள் மட்டும் மறக்கவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்து ஆசிரியர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் '37' என்ற எண்ணைச் சொல்வார்கள்.

கணக்கு எளிது. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். அந்த முன் ஊதிய உயர்வுக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் இன்சென்டிவ். ஓர் இன்சென்டிவ் என்றால் இரண்டு இன்கிரிமென்ட். 36,400 முதலில் 37,500 ஆகும், பிறகு 38,600-ல் போய் நிற்கும். மாதம் 2,200 ரூபாய் கூடுதல். அதன்மேல் அகவிலைப்படி. அதுவும் ஓய்வு பெறும் நாள்வரை. பி.டி. அசிஸ்டெண்டாக, அதாவது பட்டதாரி ஆசிரியராக இருப்பவர் எம்.ஏ.வோ எம்.எஸ்சி.யோ முடித்தால் முதல் இன்சென்டிவ், கல்வியியல் முதுகலையான எம்.எட். முடித்தால் இரண்டாவது. பி.ஜி. அசிஸ்டெண்டுக்கு, அதாவது முதுகலை ஆசிரியருக்கு, எம்.எட்.தான் முதலாவது. சர்வீஸில் மொத்தம் இரண்டு முறைதான் வாங்க முடிந்தது என்பதால், எந்தப் படிப்பை எப்போது முடித்து எப்போது பதிவு செய்வது என்று ஆலோசனை சொல்லவே ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நிபுணர் இருந்தார். பின்னாளில் அரசு இந்தச் சலுகையை ஒருமுறை மட்டும் தரும் ஊக்கத்தொகையாக மாற்றியது. முதுகலைப் பட்டத்துக்கு 20,000 ரூபாய். பழைய ஏற்பாட்டில் பத்து மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும் தொகை அது.

இந்தச் சலுகை போனது எம்.எட். படிப்புக்கு நல்லது என்று சொன்னால் ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். உழைத்துப் படித்தவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுப்பதில் தவறே இல்லை. பறித்த விதமும் சரியில்லை. ஆனால் 1969 முதல் அரை நூற்றாண்டாக இந்த இன்சென்டிவ் இருந்ததால், எம்.எட். எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்கவேயில்லை. பதில் சம்பளப் பட்டியலிலேயே இருந்தது. இப்போது அந்தப் பதில் இல்லை. கேள்வி மட்டும் தனியாக நிற்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கச் சேலம் - நாமக்கல் சமவெளியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

கரஸிலிருந்து ரெகுலருக்கு

ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை தமிழ்நாட்டில் பழையது. சைதாப்பேட்டைக் கல்லூரியின் தொடக்கம் 1856. ஆனால் எம்.எட். என்ற பட்டம் இந்தியாவில் முதலில் வந்தது பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில், 1936-ல். பி.எட். என்பது வகுப்பறைக்குள் போகிறவருக்கு. எம்.எட். அந்த பி.எட். மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவருக்கும், கல்வியை ஆராயப் போகிறவருக்கும். காகிதத்தில் இன்றும் அதுதான் நோக்கம்.

நம் பகுதியில் இதற்கான இடங்களுக்குக் குறைவில்லை. மாநிலத்தின் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் ஒன்று காவிரிக் கரையில், குமாரபாளையத்தில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் பவானி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பெண்களுக்கான சாரதா கல்வியியல் கல்லூரி. ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம் சுற்றுவட்டாரத்தில் தனியார் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் துறை உண்டு. ஆனால் பி.எட்., எம்.எட். கல்லூரிகள் எல்லாம் 2008-ல் சென்னையில் அமைந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மாநிலம் முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே பல்கலைக்கழகம். சேலம் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் கண்ணெதிரே இருக்க, ராசிபுரத்துக் கல்வியியல் கல்லூரிக்கு வினாத்தாள் சென்னையிலிருந்து வருகிறது.

முன்பு இது ஓராண்டுப் படிப்பு. வேலையை விடாமல் படிக்க விரும்பியவர்களுக்கு 'கரஸ்' இருந்தது. இக்னோ போன்ற இடங்களில் அஞ்சல்வழியில் எம்.எட். எழுதினார்கள். நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012-ல் ஆசிரியர் கல்வி பற்றிக் கொடுத்த அறிக்கை எல்லாவற்றையும் மாற்றியது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., 2014-ல் கொண்டுவந்த விதிமுறைகள்படி பி.எட்.டும் எம்.எட்.டும் இரண்டாண்டு ஆயின. பி.எட்.டுக்குத் தொலைநிலை வழி தப்பிப் பிழைத்தது, எம்.எட்.டுக்கு அந்த வழி விதிமுறைப் பட்டியலிலேயே இல்லை. வகுப்புக்கு 80 சதவீத வருகை, களப்பயிற்சிக்கு 90. ஒரு யூனிட்டுக்கு 50 பேர். அந்த 50 பேருக்கு 10 பேராசிரியர்கள் இருக்க வேண்டும்: இரண்டு பேர் புரொபசர், இரண்டு பேர் அசோசியேட், ஆறு பேர் அசிஸ்டெண்ட்.

எழுத்தில் பார்த்தால் எல்லாம் சிறப்பு. ஆனால் விளைவு வேறு மாதிரி அமைந்தது. எடப்பாடியில் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை முறையாக எம்.எட். படிக்க வேண்டுமென்றால், தடையின்மைச் சான்று வாங்கி, இரண்டு வருடம் சம்பளமில்லாமல் விடுப்பு எடுக்க வேண்டும். யார் எடுப்பார்? இன்சென்டிவும் போன பிறகு ஏன் எடுக்க வேண்டும்? பத்து வருடம் பாடம் நடத்திவிட்டு, 'நான் செய்வது சரியா?' என்ற கேள்வியோடு வந்து உட்கார வேண்டியவர்கள் வகுப்பிலிருந்து விலகிப்போனார்கள். அந்த இடத்துக்கு இப்போது வருகிறவர்கள் பி.எட். முடித்த கையோடு வரும் இளம் பெண்கள். "டி.ஆர்.பி. பரீட்சை எப்ப வரும்னு தெரியலீங்க. சும்மா வூட்ல இருக்கறதுக்கு இதையும் முடிச்சு வெச்சுக்கலாம்" என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ் பிடித்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மாமியாருக்குச் சமாதானம் சொல்லி வருகிறவர்கள் அவர்கள்.

படித்து முடித்தபின் என்ன? மெட்ரிகுலேஷன் பள்ளியில் எம்.எட்.டுக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பி.எட். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமென்றால் பாடத்தில் முதுகலை, எம்.எட். இரண்டிலும் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட், இல்லையென்றால் பிஎச்.டி. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் விரிவுரையாளர் வேலைக்குப் போகலாம். சேலத்துக்காரர்களுக்கு அது உத்தமசோழபுரத்தில் இருக்கிறது. அந்த அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குமேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில். என்று பெயருக்குப் பின்னால் வால் நீண்ட பட்டதாரி ஆசிரியர்களும் எட்டாம் வகுப்புப் பாடத்தைத் திரும்ப உருப்போட வேண்டியதாயிற்று.

பொருட்பாடான வேறுபாடு இல்லை

இனி உள்ளே போய்ப் பார்ப்போம். எம்.எட். வகுப்பில் என்னதான் நடக்கிறது?

நான்கு செமஸ்டர். கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல், வரலாறு, கலைத்திட்டம், ஆய்வு முறை. பியாஜே, புரூனர், வைகாட்ஸ்கி, ஜான் டூயி எல்லாம் வருவார்கள். தாகூரும் காந்தியும் வருவார்கள். பாவ்லோ ஃபிரெய்ரே வருவார். ஆசிரியர் பணம் போடுகிறவர், மாணவர் வெறும் கணக்கு, பரீட்சை நாளில் போட்டதைத் திரும்ப எடுப்பது என்று அவர் சொன்ன வங்கிமுறைக் கல்வியை நாமக்கல் மாணவருக்கு விளக்க ஒரு பீரியட் தேவையில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே தெரியும் விடுதிப் பள்ளியைக் காட்டினால் போதும்.

பாடத்திட்டத்தின் உயிர் டெசர்டேஷன் எனப்படும் ஆய்வேடு. கைடைப் பிடித்து, தலைப்பு வாங்கி, டூல் தயாரித்து, டேட்டா எடுத்து, எழுதி, வைவாவில் நின்று வர வேண்டும். எம்.எட்.டை மற்ற எம்.ஏ.க்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். இதை ஒழுங்காகச் செய்தவர் வாழ்நாள் முழுக்க வகுப்பறையை வேறு கண்ணோடு பார்ப்பார்.

பெரும்பாலான ஆய்வேடுகளின் தலைப்பு ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். சேலம் மாவட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் தேர்வுப் பதற்றமும் கல்வி அடைவும். நாமக்கல் மாவட்ட பி.எட். மாணவர்களின் கணினி மனப்பான்மை. ஆண் - பெண், கிராமம் - நகரம், அரசு - தனியார், தமிழ்வழி - ஆங்கிலவழி என்று சாம்பிளைப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல் ஹைபாதெசிஸ். டி-டெஸ்ட் போட்டால், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பொருட்பாடான வேறுபாடு இல்லை. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே பொருட்பாடான வேறுபாடு இல்லை. கடைசி அத்தியாயத்தில், யோகாவும் ஆலோசனை வகுப்பும் நடத்த வேண்டும் என்று ஒரு பரிந்துரை. நீல நிற அட்டை, தங்க எழுத்து, நூலகத்தின் பூட்டிய பீரோ.

வேறுபாடு ஏன் வருவதில்லை என்பதற்கு டேட்டா எடுத்த கதையைக் கேட்க வேண்டும். கேள்வித்தாள் கட்டோடு பள்ளிக்குப் போகும் எம்.எட். மாணவிக்கும் அந்தப் பள்ளி நிர்வாகிக்கும் நடக்கும் பேச்சு ஊர் ஊருக்கு ஒரே மாதிரிதான்.

"சார், ஒரு நாப்பது பசங்க போதுங்க. அரை மணி நேரத்துல முடிச்சுக்கறனுங்க."

"ரிவிஷன் ஓடுதும்மா. இப்ப கிளாஸுக்குள்ள யாரையும் விட முடியாது. கட்டை வெச்சுட்டுப் போங்க, நானே ஃபில் பண்ணச் சொல்லி வெக்கறேன். புதன்கிழமை வந்து வாங்கிக்கங்க."

புதன்கிழமை போனால் நாற்பது தாளும் தயாராக இருக்கும். நாற்பதிலும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வில் டிக் அடித்திருக்கும். தேர்வுப் பதற்றம் யாருக்கும் இல்லை. அந்த நாற்பது தாள் எந்தப் புள்ளியியல் சோதனைக்குப் போனாலும் வேறென்ன சொல்லும்?

இது நல்ல மாணவியின் கதை. கேள்வித்தாளோடு நேரில் போகாதவர்களும் உண்டு. 'நான்-அட்டெண்டிங்' என்ற ஏற்பாட்டைப் பற்றிக் கல்வி வட்டாரத்தில் யாரும் ஒளித்துப் பேசுவதில்லை. ஃபீஸோடு இன்னொரு தொகை கட்டினால் வருகைப் பதிவேடு தானாக நிரம்பும். ரெக்கார்டு நோட்டும் ஆய்வேடும் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு கிடைக்கும். எல்லாக் கல்லூரியும் இப்படியில்லை. ஆனால் இது எங்குமே நடப்பதில்லை என்று சத்தியம் செய்யக்கூடிய கல்வியியல் பேராசிரியர் ஒருவரைக் காட்டுங்கள். அப்படிப்பட்ட கல்லூரியில் நிர்வாகம் ஒரு சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேராசிரியருக்கு வேறொரு சம்பளம் கொடுக்கும், வாங்குகிறவரும் எம்.எட். படித்தவர்தான். பாவு ஓட்டிவிட்டு ஊடை நூலே கொடுக்காத தறி மாதிரி, சத்தம் மட்டும் கேட்கிறது, துணி வரவில்லை.

வாசலிலேயே ஆய்வகம்

எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். கல்வியை ஆராய வேண்டிய மனிதர்களுக்குச் சேலம் - நாமக்கல் மாதிரி ஒரு களம் வேறு எங்கே கிடைக்கும்?

விடுதிப் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். லாரி பாடி கட்டுவதிலும் கோழிப்பண்ணையிலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலும் சம்பாதித்த பணம், பலர் கூட்டாகப் பங்கு போட்டுப் பள்ளிகளுக்குள் வந்தது. பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007-ல் நின்றுபோனது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்றானது. அந்த ஒரு முடிவு நாமக்கல்லின் தலையெழுத்தை மாற்றியது. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே நடத்தினார்கள். விடியுமுன் ஸ்டடி, இரவு பத்துக்கும் ஸ்டடி. ஒவ்வொரு மே மாதமும் மாநில ரேங்க் பட்டியலில் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு. ஊரார் வைத்த பெயர் 'பிராய்லர் பள்ளி'. கோழிப்பண்ணை ஊரில் அந்தப் பெயர் கிண்டல்கூட இல்லை, நேரடி விவரணை.

2017-ல் அந்தக் கோட்டை ஆடியது. அந்த ஆண்டு ரேங்க் அறிவிப்பை அரசு கைவிட்டது, நீட் வந்தது, அடுத்த கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நாமக்கல் உடனே நீட் பயிற்சிக்கு மாறிக்கொண்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் போய்விட்டது. பழைய கதை திரும்புமா? இதைச் சொல்லவேண்டியவர் யார்? அந்தப் பள்ளிகளிலிருந்து பத்து கிலோமீட்டரில் உட்கார்ந்து கலைத்திட்டக் கோட்பாடு படிக்கிறவர்தானே?

2007 தொடங்கி 2016 வரை அந்த விடுதிகளில் இருந்து ஆயிரத்து நூறுக்குமேல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இன்று முப்பதை நெருங்கிய, தாண்டிய மனிதர்கள். அவர்கள் என்ன ஆனார்கள்? பிளஸ் ஒன் கணக்கைத் தொடாமல் போனவர்கள் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்தார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் புலம்பல் கேட்டது. அது எவ்வளவு உண்மை? எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளை மறுபடி அதே விடுதியில் சேர்த்திருக்கிறார்கள்? இருபது பேரைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து பேசினாலே ஒரு நல்ல ஆய்வேடு. டி-டெஸ்ட் தேவையேயில்லை. நாமக்கல் அரசுக் கலைக் கல்லூரியில் பாடம் நடத்திய எழுத்தாளர் பெருமாள்முருகன் இந்தப் பள்ளிக் கலாச்சாரத்தை விமர்சித்துக் கட்டுரைகள் எழுதினார். வகுப்பறை அனுபவங்களை 'மயிர்தான் பிரச்சினையா?' என்று நூலாகவும் கொண்டுவந்தார். ஒரு தமிழாசிரியர் செய்ததைக் கல்வியியல் துறைகள் செய்திருக்க வேண்டாமா?

விடுதிப் பள்ளி ஒரு பக்கம்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. வண்டியோடு போன அப்பா மாதக்கணக்கில் வரமாட்டார். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வருவார், பல வீடுகளில் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வருவார். அந்தப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் யார் பார்ப்பது, செல்போன் யார் கையில் இருக்கிறது, பத்தாவது முடித்ததும் பையன் வண்டிக்கே போய்விடுகிறானா? ஆசிரியர்களிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. எழுதி வைத்தவர்தான் இல்லை.

குமாரபாளையத்தில் அரசுக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது என்று சொன்னேன். அந்த ஊரிலும் பக்கத்துப் பள்ளிபாளையத்திலும் தெருவுக்குத் தெரு விசைத்தறி. இரண்டு ஷிப்டு ஓடும் சத்தத்தில் ஒரு பிள்ளை எப்படிச் சத்தமாக வாய்விட்டுப் படிக்கும்? அம்மா அப்பா இருவரும் தறியில் நிற்கும் வீட்டில் ஆறாம் வகுப்புப் பெண் தார் சுற்றினால் அது வேலையா, வீட்டு ஒத்தாசையா? இந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறே இருக்கிறது. 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியவர் ராஜாஜி. அதே ராஜாஜி முதலமைச்சராக 1953-ல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று தமிழ்நாடே எதிர்த்தது. மறு ஆண்டு அவர் பதவி விலக, காமராஜர் அதைத் தூக்கிப் போட்டார். எம்.எட். வகுப்பில் காந்தியின் வார்தாக் கல்வியையும் இந்தத் திட்டத்தையும் வரலாறாகப் படிக்கிறார்கள். படித்துவிட்டு வெளியே வந்தால் பக்கத்துத் தெருவில் அந்த வரலாறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் வேலை பார்க்கும் ஆசிரியரின் நாள் எப்படிப் போகிறது? கோழிப்பண்ணைகளிலும் நூற்பாலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வடநாட்டுக் குடும்பங்கள் தங்கி வேலை செய்கின்றன. ஒடியாவோ இந்தியோ பேசிக்கொண்டு வரும் பிள்ளை நம் ஒன்றியப் பள்ளியில் 'அ' எழுதக் கற்கும்போது, ஒற்றை ஆசிரியை எந்த மொழியில் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறார்? வைகாட்ஸ்கி சொன்னதைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வகுப்பறை உலகத்தில் கிடைக்காது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இங்கே எப்படி வேலை செய்கிறது என்று ஒரே ஒரு வகுப்பில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து குறிப்பெடுத்தால்கூட, சென்னையிலிருந்து வரும் நூறு சர்க்குலரைவிட உபயோகமாக இருக்கும்.

மறுபடியும் ஓராண்டு?

இந்நிலையில் காற்று மறுபடி திசை மாறுகிறது. 2025 தொடக்கத்தில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிமுறைகள், 2026-27 முதல் எம்.எட்.டை மீண்டும் ஓராண்டாக்க முன்மொழிந்தன. வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டாண்டுப் பகுதிநேர எம்.எட். என்ற யோசனையும் அதில் இருக்கிறது. ஓராண்டு என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டாண்டிலேயே நீலப் பேனா டிக்கைத் தாண்டாத ஆய்வேடு ஓராண்டில் என்னவாகும்? பழைய ஓராண்டுக் காலத்து நோட்டுகள் எந்தப் பரணிலிருந்தாவது இறங்கி வரும்.

பகுதிநேர யோசனை மட்டும் விஷயம் உள்ளது. பின்லாந்தில் 1970-களின் இறுதியிலிருந்து தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் கட்டாயம். அதில் ஆய்வேடும் உண்டு. அங்கே அந்தப் பட்டம் வகுப்பறைக்கு உள்ளே போவதற்கான வழி. நம்மிடம் அது வகுப்பறையை விட்டு வெளியே போவதற்கான வழியாக இருக்கிறது. பத்து வருடம் பாடம் நடத்திய எடப்பாடி ஆசிரியை வேலையை விடாமல், தன் சொந்த வகுப்பையே ஆய்வுக் களமாக வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படிக்க முடிந்தால், எம்.எட். முதல்முறையாகத் தன் வேலையைச் செய்யும். வரைவில் உள்ளது நடைமுறைக்கு வரும்போது இந்தப் பகுதிநேர வழியைத் தமிழக அரசு விட்டுவிடக் கூடாது. அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் மாலையிலும் சனிக்கிழமையிலும் நடத்தலாம். குமாரபாளையத்தில் முதலில் தொடங்கினால் சேலம், ஈரோடு, நாமக்கல் மூன்று மாவட்டத்து ஆசிரியர்களுக்கும் பஸ் வசதி இருக்கிறது.

அதற்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. இன்னொரு காரியத்துக்குக் காசே தேவையில்லை. பிஎச்.டி. ஆய்வேடுகள் 'சோத்கங்கா' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கின்றன. எம்.எட். ஆய்வேடுகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். டேட்டா கொடுத்த பள்ளிக்கு ஒரு பிரதி போக வேண்டும். ஊரார் படிப்பார்கள் என்று தெரிந்தால் ஜெராக்ஸ் கடை ஆய்வேடு பாதியாகக் குறையும்.

இந்த வருடம் எம்.எட். சேரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எட்.டில் 50 சதவீதம் இருந்தால் எந்தக் கல்லூரியும் வாங்க வாங்க என்றுதான் சொல்லும். நீங்கள்தான் கேட்க வேண்டும். கல்லூரிக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா? கல்லூரி இணையதளத்தில் பெயர் போட்டிருக்கும் பத்துப் பேராசிரியர்களில் எத்தனை பேர் இன்று வளாகத்தில் இருக்கிறார்கள்? கடந்த மூன்று வருட ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்க்க விடுவார்களா? விடமாட்டேன் என்றால் ஃபீஸ் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.